புதிய கண்டுபிடிப்புக்கு இந்தியாவில் காப்புரிமை பெறுதல்: பட்டறையிலிருந்து பதிவேடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் ஒரு கண்டுபிடிப்பைப் பாதுகாக்கும் முதன்மையான சட்டம் 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்து, 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் பெருந்திருத்தங்களைக் கண்ட அந்தச் சட்டம், விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, தம் அனுமதியின்றிப் பிறர் அந்தப் பொருளைச் செய்வதையும், பயன்படுத்துவதையும், விற்பதையும், இறக்குமதி செய்வதையும் தடுக்கும் உரிமையை உரிமையாளருக்குத் தருகிறது. பேட்டன்ட் கிடைத்துவிட்டால் அரசே காவல் நின்று போலிகளைப் பிடித்துக் கொடுக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அப்படி எதுவும் நடப்பதில்லை. உரிமை மீறலைக் கண்டறிவதும் நீதிமன்றம் செல்வதும் உரிமையாளரின் பொறுப்பு.

காப்புரிமைக்கு முயல்வோர் பொதுவாக முதலில் கேட்பது செலவையும் காலத்தையும் பற்றியே. ஆனால், பல ஆண்டுகள் கழித்து அந்தக் காப்புரிமைக்கு மதிப்பு இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: விண்ணப்பம் எந்தத் தேதியில் பதிவானது, உரிமைக்கோரல்கள் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாக்கியங்கள்) எந்தச் சொற்களில் எழுதப்பட்டன. இவ்வழிகாட்டி அவ்விரண்டுக்கே அதிக இடம் தருகிறது. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கருவியை எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில், தேங்காயின் பருமனுக்கேற்பக் கத்திகளின் இடைவெளி தானாகவே சரிசெய்துகொள்ளும் மட்டை உரிக்கும் கருவி ஒன்று உருவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்க.

வெளியே காட்டுவதற்கு முன்

கண்டுபிடிப்பு உலகில் எங்கும் முன்னதாக வெளியாகியிருக்கக் கூடாது என்பது சட்டத்தின் அடிப்படை நிபந்தனை. கண்டுபிடித்தவரே அதை வெளியிட்டிருந்தாலும் பெரும்பாலும் விளைவு ஒன்றுதான். கருவி வேலை செய்யும் விதத்தைக் காட்டும் ஒரு யூடியூப் காணொளி, கல்லூரித் திட்டக் கண்காட்சியில் வைத்த விளக்கப் பலகை, முகநூல் பதிவு, முதல் நான்கைந்து கருவிகளின் விற்பனை ஆகிய ஒவ்வொன்றும் பின்னாளில் அதே காப்புரிமைக்கு எதிரான சான்றாக வந்து நிற்கும். உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் பாராட்டி எழுதும் கட்டுரைகூட, தேதியோடு அச்சாவதால், எதிர்த்தரப்புக்கு நல்ல ஆவணமாகிவிடும்.

சட்டத்தின் 31-ஆம் பிரிவு இதற்கு ஒரு விலக்கு அளிக்கிறது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் காட்டியிருந்தாலோ, கற்றறிந்தோர் அவை ஒன்றில் கட்டுரையாக வாசித்திருந்தாலோ, 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் புதுமை கெடாது. இந்த விலக்கு மிகக் குறுகியது. கோவை கொடிசியா வளாகத்திலோ சென்னை நந்தம்பாக்கத்திலோ நடக்கும் எல்லாக் கண்காட்சிகளும் அவ்வாறு அறிவிக்கப்பட்டவை அல்ல. எனவே விலக்கை நம்பித் திட்டமிடுவது தவறு. ஏற்கெனவே காட்டிவிட்டவர்கள் மட்டுமே அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

வெல்டிங் செய்பவர், வார்ப்பு எடுப்பவர், முதலீடு செய்ய வருபவர் என்று சிலரிடம் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் எழுத்து வடிவில் ரகசியம் காக்கும் ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பம் பெறுவது அவசியம். கருவி என்ன செய்கிறது என்பதையும், எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காகக் காட்டப்பட்டது என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். உறவினர் பட்டறையாயிற்றே என்று இதைத் தவிர்ப்பவர்கள் நம்மில் மிகுதி.

இது காப்புரிமைக்கு உரியதா

மூன்று தகுதிகள் வேண்டும்: புதுமை, அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு எளிதில் தோன்றிவிடாத புத்தாக்கப் படி, தொழில்முறைப் பயன்பாடு. இம்மூன்றும் இருந்தாலும் 3-ஆம் பிரிவின் விலக்குப் பட்டியலைத் தாண்ட வேண்டும். இயற்கை விதிகளுக்கு முரணானவை (மின்சாரமே இல்லாமல் ஓயாது ஓடும் மோட்டார் இதில் அடங்கும்), வெறும் அறிவியல் கோட்பாடுகள், தெரிந்த பொருள்களின் வெறும் கலவை, வேளாண்மை அல்லது தோட்டக்கலை முறை, மருத்துவச் சிகிச்சை முறை, தாவரங்களும் விலங்குகளும், கணித முறை, வணிக முறை, தனித்து நிற்கும் கணினி நிரல் ஆகியவை கண்டுபிடிப்புகளாகவே கருதப்படுவதில்லை. உழவுக் கருவிக்குக் காப்புரிமை உண்டு. உழும் முறைக்குக் கிடையாது. செயலி ஒன்றை உருவாக்கியவர்கள், அது வன்பொருளோடு சேர்ந்து எந்தத் தொழில்நுட்ப விளைவைத் தருகிறது என்பதைக் காட்ட முடிந்தால் மட்டுமே மேலே செல்ல வேண்டும்.

3-ஆம் பிரிவின் (d) உட்பிரிவு, அதாவது அறிந்த பொருளின் புதிய வடிவத்துக்கு, அதன் பயன்திறன் கூடாத நிலையில், காப்புரிமை இல்லை என்ற விதி, உலக அளவில் பேசப்பட்டது. நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு 1998-இல் சென்னை அலுவலகத்தில் அளித்த விண்ணப்பம் 2006-இல் அங்கேயே நிராகரிக்கப்பட்டது. அந்த விதியே செல்லாது என்று தொடுக்கப்பட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த விண்ணப்பத்தை ஏற்க மறுத்துவிட்டது.

மூலிகைகளைக் கொண்டு ஏதேனும் உருவாக்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மரபறிவுக்குக் காப்புரிமை இல்லை. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-இல் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டியதால் 1997-இல் ரத்தானது. இந்தியச் சட்டமோ அதற்கும் ஒரு படி மேலே சென்று, ஒரு சமூகத்தில் வாய்மொழியாக மட்டும் வழங்கிவரும் அறிவையும் எதிர்ப்புக்கான காரணமாக ஏற்கிறது. நாட்டு வைத்தியர் குடும்பங்கள் இதைத் தங்களுக்குத் தடையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. தங்கள் அறிவைப் பிறர் பதிவுசெய்யும்போது தடுப்பதற்கும் இதே பிரிவு துணை நிற்கும். மேலும், இந்திய உயிரி வளங்களை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்புகளுக்குப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ்த் தனி நடைமுறை உண்டு. அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இயங்குகிறது.

கருவியின் வேலையைவிட அதன் தோற்றம்தான் புதிது என்றால் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டமே பொருந்தும். அதில் 10 ஆண்டுகளும், நீட்டிப்பாக மேலும் 5 ஆண்டுகளும் கிடைக்கும். சீனா, ஜெர்மனி போன்ற நாடுகளில் சிறு மேம்பாடுகளுக்கென இருக்கும் யூட்டிலிட்டி மாடல் என்னும் குறுகிய காலப் பாதுகாப்பு இந்தியாவில் இல்லை. நம் பட்டறைகளில் பிறக்கும் மேம்பாடுகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை என்பதால், இது உண்மையிலேயே ஒரு குறை என்று கருதுகிறேன்.

முன்பே இருக்கிறதா என்று தேடுதல்

இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடல் தளம், கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப் ஆகிய நான்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கருவியின் பெயரைத் தட்டச்சு செய்து பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று நிறைவடைவது தேடலாகாது. காப்புரிமை ஆவணங்கள் பொருள்களை அன்றாடப் பெயரால் அழைப்பதில்லை. ஒத்த ஆவணம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதில் உள்ள பன்னாட்டு வகைப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணின்கீழ் உள்ளவற்றைப் புரட்டுவதே பயன்தரும் வழி. மட்டை உரிக்கும் கருவிக்கு இந்தியாவோடு பிலிப்பைன்ஸ், இலங்கை, பிரேசில் போன்ற தென்னை வளரும் நாடுகளின் ஆவணங்களையும், சந்தையில் உள்ள கருவிகளின் கையேடுகளையும், எந்த மொழியில் இருந்தாலும் காணொளிகளையும் பார்க்க வேண்டும்.

தேடலில் அலட்சியம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மதுரையிலிருந்தே ஒரு வழக்கு உண்டு. ஒரே கைபேசியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் அட்டைகளைப் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்கு மதுரைக்காரர் ஒருவர் 2002-இல் விண்ணப்பித்துக் காப்புரிமை பெற்றார். அதைக் கொண்டு இறக்குமதியாகும் இரட்டை சிம் கைபேசிகளைச் சுங்கத்துறை வழியாகத் தடுக்கவும் முயன்றார். ஆனால் சாம்சங் உள்ளிட்ட நிறுவனங்கள் எதிர்த்தன. 2012-இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. அலுவலகம் சான்றிதழ் வழங்கிவிட்டதாலேயே காப்புரிமை செல்லுபடியாகும் என்று சட்டம் உறுதியளிப்பதில்லை என்பதை அது காட்டியது.

விண்ணப்பிப்பவர் யார்

உண்மையான முதல் கண்டுபிடிப்பாளரோ, அவரிடமிருந்து எழுத்துமூலம் உரிமை மாற்றிப் பெற்றவரோ விண்ணப்பிக்கலாம். பணம் போட்டவர் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார். துறைத் தலைவரும் அப்பதவி காரணமாக ஆகமாட்டார். ஊழியரின் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று இந்தியக் காப்புரிமைச் சட்டம் தனியாகச் சொல்லவில்லை என்பதால், வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும். கல்லூரி மாணவர்கள் தங்கள் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட வேண்டும்.

இருவர் கூட்டாக விண்ணப்பித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை இருவருக்கும் சம பங்கு. ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் தாமே உற்பத்தி செய்யலாம். ஆனால் மற்றவரின் இசைவின்றி உரிமம் வழங்கவோ தம் பங்கை விற்கவோ முடியாது. நண்பர்கள் மனத்தாங்கலில் பிரியும்போது காப்புரிமை முடங்கிப்போவது இதனால்தான். பங்கு விகிதத்தையும் பிரிவு ஏற்பாட்டையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

தேதியைப் பிடித்தல்: தற்காலிக விவரக்குறிப்பு

கருவி இன்னும் முழுமையடையவில்லை என்றால், படிவம் 1-உடன் படிவம் 2-இல் தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பை விவரிக்கும் முதற்கட்ட ஆவணத்தை)த் தாக்கல் செய்து, புதுமையைக் கணக்கிட அடிப்படையாகும் முன்னுரிமைத் தேதியைப் பெறலாம். அதிலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். தற்காலிகக் காப்புரிமை என்று ஒன்று வழங்கப்படுவதில்லை. இது ஒரு தேதியை மட்டுமே தருகிறது. அந்தத் தேதியும் அதில் விவரிக்கப்பட்ட விஷயங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஒரு பக்கத்தில் அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டு, முக்கியமான மீள்விசை ஏற்பாட்டைப் பதினொரு மாதம் கழித்துச் சேர்ப்பவருக்கு, அந்த ஏற்பாட்டைப் பொறுத்தவரை தேதி பதினொரு மாதம் பிந்திவிடும். இடையில் வேறொருவர் அதை வெளியிட்டிருந்தால் எல்லாம் போயிற்று. ஆகவே, தற்காலிகம் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாமல், கையிலுள்ள எல்லா மாற்று வடிவங்களையும் படங்களோடு அதிலேயே சேர்த்துவிட வேண்டும். உரிமைக்கோரல்கள் மட்டும் அதற்குத் தேவையில்லை.

முழு விவரக்குறிப்பும் உரிமைக்கோரல்களும்

முழு விவரக்குறிப்பில் தலைப்பு, துறை, பின்னணி, கண்டுபிடிப்பின் சுருக்கம், படங்களின் விளக்கம், விரிவான விவரணை, உரிமைக்கோரல்கள், 150 சொற்களுக்கு மிகாத சாராம்சம் ஆகியவை இடம்பெறும். அத்துறையில் பயிற்சியுள்ள ஒருவர் படித்துவிட்டுத் தாமே அந்தக் கருவியைச் செய்யும் அளவுக்கு விவரணை இருக்க வேண்டும். அறிந்தவற்றுள் சிறந்த செய்முறையையும் மறைக்கக் கூடாது. 20 ஆண்டு உரிமைக்கு ஈடாகச் சமூகம் கேட்பது அந்த வெளிப்படைத்தன்மையைத்தான். ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்பது விதி. தமிழில் தாக்கல் செய்ய வழியில்லை. தமிழில் மட்டும் விளக்கத் தெரிந்த கண்டுபிடிப்பாளர், தம் சார்பில் விண்ணப்பம் தயாரிக்கும் காப்புரிமை முகவர் எழுதியதை வரி வரியாகத் தமிழில் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகே கையொப்பமிட வேண்டும்.

வீட்டுப் பத்திரத்தில் செக்குபந்தி எப்படியோ, காப்புரிமையில் உரிமைக்கோரல் அப்படி. எல்லைக்குள் இருப்பது உங்களுடையது, மற்றதெல்லாம் பொதுவழி. விவரணையில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் உரிமைக்கோரலில் வராதது பாதுகாக்கப்படுவதில்லை. ஒவ்வொரு கோரலும் ஒரே வாக்கியமாக அமைய வேண்டும். நம் கருவிக்கு ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று கொள்வோம்: "இரும்பு அடித்தளமும், இரண்டு எஃகுக் கத்திகளும், அவற்றைச் சேர்த்து இழுக்கும் மூன்று அங்குலச் சுருள் ஸ்பிரிங்கும், கால் மிதியும் கொண்ட தேங்காய் மட்டை உரிக்கும் கருவி." கேட்பதற்குத் துல்லியமாக இருக்கிறது. ஆனால் உரிமை மீறல் நிரூபணமாவதற்கு எதிரியின் கருவியில் இந்த உறுப்புகள் அனைத்தும் இருந்தாக வேண்டும். ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பட்டையையும், மிதிக்குப் பதில் கைப்பிடியையும் வைத்தவர் எளிதில் தப்பிவிடுவார்.

கண்டுபிடிப்பின் உயிர் எது என்று கேட்டுப் பார்த்தால், ஒரு கத்தி மற்றொன்றை நோக்கித் தானாகவே அழுத்தப்பட்டு நிற்பதுதான். எனவே முதல் கோரல், "அடித்தளமும், அதன்மேல் நிறுவப்பட்ட இரு வெட்டும் உறுப்புகளும், அவற்றுள் ஒன்றையேனும் மற்றொன்றை நோக்கி அழுத்தித் தேங்காயின் பருமனுக்கேற்ப இடைவெளி மாறச் செய்யும் மீள்விசை உறுப்பும் கொண்ட கருவி" என்று அமையலாம். சுருள் ஸ்பிரிங், ரப்பர் பட்டை, கால் மிதி, கைப்பிடி ஆகியவை, முதல் கோரலைச் சார்ந்து அதைக் குறுக்கும் அடுத்தடுத்த சார்புக் கோரல்களில் வரும். மிக அகலமாக எழுதினால் ஏற்கெனவே வெளியானவற்றுள் ஏதேனும் ஒன்று முதல் கோரலை வீழ்த்திவிடலாம். அப்போது குறுகிய சார்புக் கோரல்கள் அடுத்த அரணாக நிற்கும். தேடலில் கிடைத்த மிக நெருங்கிய ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் முதல் கோரலை எழுத வேண்டும்.

தாக்கல் செய்த பிறகு, முதல் ஆவணத்தில் இல்லாத புதிய விஷயத்தைத் திருத்தம் என்ற பெயரில் நுழைக்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, கையில் உள்ள பணத்தில் பெரும்பகுதியை அனுபவமுள்ள காப்புரிமை முகவருக்கு இந்தக் கட்டத்தில் செலவிடுவது சரி என்பது என் கருத்து. முகவர் என்பவர் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்று, காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வில் தேறிப் பதிவு செய்துகொண்டவர். அங்கீகரிக்கப்பட்ட ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்க உதவுபவரின் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டமும் உண்டு.

தாக்கலும் கட்டணமும்

காப்புரிமை அலுவலகத்தின் தலைமையகம் கொல்கத்தாவில் உள்ளது. டெல்லி, மும்பை, சென்னை ஆகியவை கிளைகள். தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, லட்சத்தீவு ஆகிய பகுதிகளின் விண்ணப்பங்கள் கிண்டியில் உள்ள சென்னை அலுவலகத்துக்கு உரியவை. ஐபி இந்தியா இணையதளம் வழியாகவே தாக்கல் செய்யலாம். படிவம் 1, 2 ஆகியவற்றோடு வெளிநாட்டு விண்ணப்பங்கள் பற்றிய படிவம் 3, கண்டுபிடிப்பாளர் யார் என்று உறுதிகூறும் படிவம் 5, முகவர் இருந்தால் அதிகாரம் அளிக்கும் படிவம் 26, சிறு நிறுவனம் அல்லது ஸ்டார்ட்அப் சலுகை கோரினால் படிவம் 28 ஆகியவை சேரும்.

தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு இணையவழித் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய்; மற்றவர்களுக்கு 8,000 ரூபாய். 30 பக்கங்களுக்கும் 10 கோரல்களுக்கும் இது போதும். அதற்கு மேல் சலுகைப் பிரிவினருக்குப் பக்கத்துக்கு 160 ரூபாயும், கோரலுக்கு 320 ரூபாயும் கூடும். பரிசோதனை கோரும் படிவம் 18-க்கு அவர்களுக்கு 4,000 ரூபாய் தனி. கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால் விதிகளின் முதல் அட்டவணையைத் தாக்கலுக்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வெளியீடும் பரிசோதனையும்

முன்னுரிமைத் தேதியிலிருந்து 18 மாதங்கள் கழித்து விண்ணப்பம் அலுவலக இதழில் வெளியாகும். அவசரம் இருந்தால் படிவம் 9 மூலம் முன்கூட்டியே வெளியிடக் கோரலாம். விண்ணப்பம் தானாகப் பரிசோதனைக்குச் செல்லாது என்பதை மறக்கக் கூடாது. 2024 மார்ச் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு, முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதங்களுக்குள் படிவம் 18 தர வேண்டும். அதற்கு முன்பு இருந்த 48 மாதக் கெடுவை மனத்தில் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகிவிடும். ஸ்டார்ட்அப்களும், சிறு நிறுவனங்களும், பெண் விண்ணப்பதாரர்களும் படிவம் 18ஏ மூலம் விரைவுப் பரிசோதனை கேட்கலாம்.

பரிசோதகரின் முதல் அறிக்கை வந்ததும் பலர் நிராகரிப்பு என்று எண்ணிச் சோர்ந்துவிடுகிறார்கள். ஆட்சேபம் இல்லாத முதல் அறிக்கை அரிது. புதுமை, புத்தாக்கப் படி, 3-ஆம் பிரிவு, தெளிவின்மை என்று தலைப்புவாரியாக வரும் ஆட்சேபங்களுக்கு, மேற்கோள் காட்டப்பட்ட ஒவ்வோர் ஆவணத்திலும் தம் கருவியின் எந்த உறுப்பு இல்லை என்பதை எடுத்துக்காட்டி, தேவையான இடத்தில் கோரலைக் குறுக்கி, 6 மாதங்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பித்தால் மேலும் 3 மாதம் கிடைக்கும். பதில் நிறைவளிக்காவிட்டால், முடிவெடுக்கும் அதிகாரியான கட்டுப்பாட்டாளர் நேர்முக விசாரணைக்கு அழைப்பார். அது முடிந்த 15 நாட்களுக்குள் எழுத்துமூல வாதத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். நிராகரிப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 3 மாத அவகாசம் உண்டு. முன்பு இவற்றை விசாரித்த மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது.

வெளியீட்டுக்குப் பின், வழங்கப்படுவதற்கு முன், யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். வழங்கியது வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் நலத்தொடர்பு உடையவர் எதிர்க்கலாம்.

வெளிநாடுகளில் பாதுகாப்பு

இந்தியக் காப்புரிமை இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். இலங்கையிலோ மலேசியாவிலோ விற்க நினைப்பவர் அங்கங்கே தனியாகப் பெற வேண்டும். முதல் தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள் நேரடியாகவோ, பிசிடி என்னும் பன்னாட்டுக் காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை வழியாகவோ விண்ணப்பித்தால் முன்னுரிமைத் தேதி காக்கப்படும். பிசிடி வழியில் பெரும்பாலான நாடுகளில் நுழைவதற்கு 30 மாத அவகாசம் கிடைக்கும். ஆனால் அதன் முடிவில் நாட்டுக்கு நாடு செலவு ஏறும். வாங்கத் தயாராக ஒருவர் இருக்கும் நாடுகளை மட்டும் தேர்ந்தெடுப்பதே விவேகம். இந்தியாவில் வசிப்பவர் இங்கு விண்ணப்பித்து 6 வாரம் கழியாமலும், அலுவலகத்தின் அனுமதியும் இல்லாமலும் வெளிநாட்டில் விண்ணப்பிப்பது 39-ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டது. மீறினால் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

கிடைத்த பின்

மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. சலுகைப் பிரிவினருக்கு அது 6-ஆம் ஆண்டு வரை 800 ரூபாய், 10-ஆம் ஆண்டு வரை 2,400, 15-ஆம் ஆண்டு வரை 4,800, 20-ஆம் ஆண்டு வரை 8,000. மொத்தமாகக் கூட்டினால் 76,800 ரூபாய். கெடுவுக்குப் பின் 6 மாதம் வரை கூடுதல் கட்டணத்தோடு செலுத்தலாம். அதையும் தவறவிட்டு உரிமை காலாவதியானால், 18 மாதங்களுக்குள் காரணம் காட்டி மீட்கக் கோரலாம். இது தவிர, கண்டுபிடிப்பு இந்தியாவில் பயன்படுத்தப்படுகிறதா என்பதைப் படிவம் 27-இல் தெரிவிக்க வேண்டும்; 2024 திருத்தத்துக்குப் பின் இது மூன்று நிதியாண்டுகளுக்கு ஒருமுறை.

அந்தப் படிவத்தை வெறும் சடங்காக எண்ணக் கூடாது. வழங்கி 3 ஆண்டுகள் கழிந்த பின்னும் பொருள் மக்களுக்கு நியாயமான விலையில் போதிய அளவு கிடைக்கவில்லை என்றால், வேறொருவருக்குக் கட்டாய உரிமம் வழங்கலாம். பேயர் நிறுவனத்தின் நெக்ஸாவர் மருந்துக்கு 2012 மார்ச்சில் நாட்கோ பெற்றதே இந்தியாவின் முதல் கட்டாய உரிமம்.

உரிமத்தையும் உரிமை மாற்றத்தையும் எழுத்து வடிவில் செய்து காப்புரிமைப் பதிவேட்டில் பதிய வேண்டும். மீறல் வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கலாம். எதிரி, காப்புரிமையே செல்லாது என்று எதிர்க்கோரிக்கை வைத்தால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும். பெரும்பாலும் அப்படித்தான் வைப்பார்கள். இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சின் தொடர்பாகப் பஜாஜ் நிறுவனத்துக்கும் டிவிஎஸ் நிறுவனத்துக்கும் சென்னையில் நடந்த வழக்கில், 2008-இல் கிடைத்த இடைக்காலத் தடை 2009-இல் இரு நீதிபதிகள் அமர்வில் நீங்கியது. இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தது 2019-இல்தான். ஆகவே நோட்டீஸ் அனுப்பும் முன்பே, தம் முதல் கோரலின் ஒவ்வோர் உறுப்பையும் எதிரியின் கருவியில் அது இருக்கும் இடத்தையும் எதிரெதிரே வைத்து ஓர் அட்டவணை தயாரித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கருவியை ரசீதோடு விலைக்கு வாங்கி, பிரித்து, படமெடுத்து வைத்துக்கொள்வதும் அப்போதே முடிய வேண்டிய வேலை.